மார்கழி மாதத்து டீசல்

எங்கள் கடைக்கு அந்த வாரம் மூன்று விலை இருந்தது. மாமாவைக் கேட்டால் நாற்பது லட்சம். அம்மாவைக் கேட்டால் ஒன்பது. பொள்ளாச்சியில் பழைய பாத்திரம் எடுக்கிற வியாபாரியைக் கேட்டால், எல்லாவற்றையும் எடை போட்டு, வண்டியையும் சேர்த்துப் பதினாறு. நாலாவதாக ஒரு விலையைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொன்னால் பொய். நான் தாவிப் பிடித்தேன்.

கடை என்பது மலைக் கணவாய்க்குப் பக்கத்தில், எருத்தேன்பதியில் எங்கள் வீட்டை ஒட்டிய தகர ஷெட். உள்ளே அண்டா, அதைவிடச் சின்னப் பாத்திரமான போசி, சாப்பிடுகிற வட்டல், வடிதட்டு, ஆளுயரக் கரண்டிகள், நாற்காலி, ஜமுக்காளம், சாமியானா, ஒரு ஜெனரேட்டர். வெளியே ஒரு மினி லாரி. கல்யாணம், காதுகுத்து, பெண் பெரியவளானால் தெரட்டிச் சீர், புதுவீட்டுப் புண்ணியார்ச்சனை எதுவானாலும் வாடகைக்குப் போகும். அம்மாவும் அவளுடைய தம்பியும், அதாவது என் மாமாவும், பாதிக்குப் பாதி கூட்டாளிகள். நான் பள்ளிக்கூடம் போகும்போது ஆரம்பித்த கடை. ஷெட்டுக்குள் எந்த அண்டாவில் எத்தனை படி அரிசி வேகும் என்று அம்மாவுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

மாமாவுக்குப் பொள்ளாச்சி ரோட்டில் நண்பர் ஒருவரின் தேங்காய் நார் மில்லில் பங்கு சேர வாய்ப்பு வந்தது. தன் பாதியைப் பணமாக்கிக்கொண்டு போகவேண்டும் என்றார். அம்மா ஒரே வார்த்தையில், கடையைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். கொழிஞ்சாம்பாறை பாங்கில் விசாரித்தாள். பத்து லட்சம் வரை தருவார்கள். சீட்டுப் பணம் ரெண்டு லட்சம் கையில் இருந்தது. ஆகப் பன்னிரண்டு. அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டுமென்றாலும் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் அவளுடைய தென்னந்தோப்பைத்தான் விற்கவேண்டும். பதினைந்து செண்டு. அவள் பெயரில் இருக்கிற ஒரே மண்.

விலைப் பேச்சு நாலைந்து தடவை நடந்து, நாலைந்து தடவையும் காப்பி ஆறிப் போனது. அப்பாவை நடுவில் இழுத்துப் பார்த்தார்கள். அக்கா தம்பி நடுவில் தான் வாய் திறந்தால் இரண்டு பேரும் சேர்ந்து தன்னைத் திட்டுவார்கள் என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். அப்போதுதான் மாமா என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, நீ படிச்ச படிப்புக்கு இன்னிக்குத்தான் வேல வந்திருக்குது. ஒரு வெல சொல்லு. அந்த வெலைக்கு உன்ற அம்மா எடுக்கட்டும். இல்லீனா அதே வெலைக்கு நான் எடுத்துக்கறேன்."

"அவ எனக்குச் சாதகமாச் சொல்லிப் போட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"சொல்லட்டும். கொறச்சுச் சொன்னா நான் உன்ற பாதிய வாங்கிப் போடுவேன். அவ தலையில அவளே மண்ணப் போட்டுக்க மாட்டா."

தோட்டம் பாகம் பிரிக்கும்போது எங்கள் பக்கத்தில் இப்படித்தான் செய்வார்கள். ஒருவர் வரப்புப் போடுவார். மற்றவர் முதலில் தன் பக்கத்தை எடுத்துக்கொள்வார். வரப்புப் போடுகிறவர் கோணலாகப் போட முடியாது. மாமா அதை அப்படியே கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது.

நான் அப்போது கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சியில் இருந்தேன். பரீட்சைக்குப் படிப்பதற்காக லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். ஆபீஸில் என் வேலை பில்லுகளில் பச்சைப் பேனாவால் டிக் அடிப்பது. ஆனால் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஏதாவது ஒரு சிமெண்ட் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் போனில் படித்துக்கொண்டிருப்பேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் காதல் சேதி படிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு தொழில் தன்னைப் பற்றி எண்களில் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தேடுவதில் எனக்கு அப்படி ஒரு பித்து. இப்போது சொந்த வீட்டுத் தொழில். விலை சொல்லவேண்டியது நான். பரீட்சைப் புத்தகம் மேசையில் திறந்தபடியே கிடந்தது, காற்றுதான் பக்கம் புரட்டியது.

லாரிக் கடனுக்காகப் பக்கத்திலிருக்கும் சித்தூரில் கணக்கு எழுதுகிற ஒருவர் மூன்று வருஷத்துக் கணக்கு தயாரித்துக் கொடுத்திருந்தார். லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், பாங்க் ஸ்டேட்மெண்ட். ஷெட்டிலேயே ஓர் அண்டாவைக் கவிழ்த்து அதன் மேல் எல்லாவற்றையும் பரப்பினேன்.

அம்மாவின் ஒன்பது லட்சம் எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. பேலன்ஸ் ஷீட்டில் பாத்திரம், நாற்காலி, வண்டி எல்லாம் சேர்ந்து அவ்வளவுதான். ஆனால் கணக்கில் பொருள்கள் வருஷா வருஷம் தேய்வது வருமான வரிக்காகத் தேய்வது. கடை திறந்த அன்று வாங்கிய பித்தளை அண்டாவின் விலை கணக்கில் கரைந்து கரைந்து ஒரு டீ விலைக்கு வந்திருந்தது. அதே அண்டாவில் போன வாரம் ஐநூறு பேருக்குச் சாம்பார் கொதித்தது. நாற்காலிகளோ கணக்கில் இன்னும் பாதி விலைக்குக் கம்பீரமாக நின்றன. ஷெட்டில் மூலையைப் பார்த்தால் கால் ஒடிந்து ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுதியவர் ஷெட்டுக்குள் வந்ததே இல்லை.

மாமாவின் நாற்பது, இன்றைக்குக் கடைவீதியில் இவ்வளவையும் புதிதாக வாங்கினால் ஆகும் விலை. அதுவும் உதவாது. அண்டாவை அடுக்கிவைத்து அழகு பார்க்கவா ஒருவர் கடை வாங்குகிறார்? நாளைக்கும் அதற்கு மறுநாளும் அது எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கும் என்பதற்காக வாங்குகிறார். எடைக்கு வந்த பதினாறு, கடையை மூடினால் கையில் நிற்பது. கடை ஓடினால் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

லாப நட்டக் கணக்குக்குப் போனேன். அம்மாவும் மாமாவும் மாதச் சம்பளம் எடுத்துக்கொண்டது போக, வருஷத்துக்கு லாபம் நாலு லட்சம். இதைத் துடைக்கவேண்டும். சிறு தொழில்களில் வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே டப்பாவில் கிடக்கும். கடைக்குச் சம்பந்தமில்லாததை எடுத்து வெளியே போட்டால்தான் உண்மை லாபம் தெரியும். "தொழிற்பயிற்சி" என்று ஒரு வரி இருந்தது. பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று தேடினால், அது என் கோச்சிங் கிளாஸ் ஃபீஸ். வண்டிப் பராமரிப்பில் நாலு டயர் கூடுதலாக இருந்தது. அவை மாமாவின் காரில் ஓடிக்கொண்டிருந்தன. இப்படி அரை லட்சம் வெளியே வந்தது. லாபம் நாலரை ஆயிற்று.

அடுத்துத்தான் அது கண்ணில் பட்டது. பாங்க் ஸ்டேட்மெண்டை மாதவாரியாகப் பிரித்து, வாடகை வரவை ஒரு பக்கமும் டீசலை ஒரு பக்கமும் போட்டுப் பார்த்தேன். வரவு தையில் ஏறுகிறது, வைகாசியில் ஏறுகிறது, ஆவணியில் ஏறுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடுகிறது. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் யார் அண்டா எடுப்பார்கள்? ஆனால் டீசல் படுக்கவில்லை. மார்கழியில் வருஷத்திலேயே அதிகமாக ஓடியிருக்கிறது. மூன்று வருஷமும் அப்படியே. கல்யாணமே இல்லாத மாதத்தில் வண்டி எங்கே போகிறது?

வண்டி ஓட்டுகிற அண்ணன் மேல் கொஞ்ச நேரம் சந்தேகம்கூட வந்தது. காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அவள் கரண்டிகளைக் கட்டுக் கட்டாகக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"மார்கழிப் பனிக்கும் கணவாய்க் காத்துக்கும் பெரியவீங்க எத்தன பேரு போய்ச் சேர்றாங்க கண்ணு. எழவூட்டுக்குப் போற வண்டி அது."

எனக்குத் தெரிந்ததுதான், கணக்கோடு சேர்த்து நினைத்ததே இல்லை. சாவு வீட்டுக்கு எங்கள் கடையில் வாடகை கிடையாது. போன் வந்தால் நாற்காலி, சாமியானா, தண்ணி டிரம், டீ போசி, காரியம் முடிகிற வரை வட்டல் எல்லாம் போகும். வண்டியோடு அம்மாவும் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டு வருவாள். டீசலும் ஏத்துகூலியும் கடைச் செலவு. கூட்டிப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம்.

என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. புத்தகத்தில் படித்தது அப்படியே என் வீட்டு ஷெட்டில் இருந்தது. முதலாளியின் தர்மம் தொழிலின் செலவு ஆகாது. இன்னொருவர் வாங்கினால் இந்தத் தர்மத்தைச் செய்யப்போவதில்லை, அதனால் அதைக் கழித்துவிட்டுப் பார்க்கவேண்டும். நாலரையோடு ஒன்றரை சேர்ந்து ஆறு லட்சம். ஐந்து வருஷ லாபத்தை முன்கூட்டியே கொடுத்து வாங்கினால், ஆறாவது வருஷத்திலிருந்து வருவது வாங்கியவருக்கு மிச்சம். இந்த மாதிரிச் சின்னத் தொழிலுக்கு அதற்கு மேல் கொடுத்தால் அசட்டுத்தனம். ஆறை ஐந்தால் பெருக்க முப்பது. பாதிக்குப் பதினைந்து.

அன்று சாயங்காலமே இரண்டு பேரையும் உட்காரவைத்து அறிவித்தேன். எப்படி வந்தது என்று ஒவ்வொரு படியாகச் சொன்னேன். கார் டயரைச் சொன்னபோது மாமா இருமினார். பதினைந்து என்றதும் இருபது கேட்டவர் கொஞ்சமும் பேரம் பேசாமல் எழுந்து, எனக்குப் பரோட்டா வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். அது எனக்குப் பெருமையாக இருந்தது. விற்கிறவர் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தால் சந்தேகப்படவேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

அம்மா மட்டும் காகிதத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"இது செரியான வெலதானா கண்ணு?"

சரியான விலைதான் என்றேன். அவள் காகிதத்தை மடித்து வைத்தாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிறவள். மறுநாளே தோப்பைக் கேட்டு ஒருவர் வந்து மரங்களை எண்ணிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் என்று பேச்சு. அப்பா அன்று முழுதும் தோப்புப் பக்கமே போகவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் விலை விலைதானே, அம்மாவுக்காகக் கணக்கை வளைக்க முடியுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து போன். ஒரு தாத்தா தவறிவிட்டார். ஏற்றி இறக்குகிற ஆள் பழனிக்குப் போயிருந்ததால் நானும் வண்டியில் ஏறினேன். சாவு வீட்டில் நாற்காலிகளை இறக்கி வரிசையாகப் போட்டேன். அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டீ போசியை அடுப்படியில் வைத்தாள், தண்ணி டிரம்முக்கு நிழல் பார்த்தாள், பிறகு பெண்கள் பக்கம் போய், அழுதுகொண்டிருந்த அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். இதற்கும் ஏத்துகூலி ஓடுகிறதே என்று மனசு கணக்குப் போட்டது.

திரும்பும் வழியில் இன்னொரு வீட்டில் பாத்திரம் எடுக்கவேண்டியிருந்தது. அங்கே காரியம் முடிந்து, வீடு கழுவி விட்டிருந்தார்கள். எங்கள் போசிகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருந்தார்கள். கல்யாண வீட்டிலிருந்துகூட அவ்வளவு பளபளப்பாகத் திரும்பி வந்ததில்லை. பெரிய அண்டாவுக்குள் ஒரு பிடி அரிசியும் ஒரு மஞ்சளும் கிடந்தன. கைதவறி விழுந்ததென்று நினைத்து எடுக்கப் போனேன். அந்த வீட்டு மருமகள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"அது இருக்கட்டுங்க. வெறும் போசியாத் திருப்பக் கூடாதுங்க." பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "ஏனுங்க்கா, ஆவணியில எங்க கொழுந்தனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறோம். இதே போசிதான் வரோணுங்க. கெட்டதுக்கு வந்தது நல்லதுக்கும் வந்துட்டுப் போகோணுமல்ல. தேதிய இப்பவே குறிச்சுக்குங்க."

வாடகை எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. எத்தனை நாற்காலி என்று மட்டும் அம்மா கேட்டாள். ஆயிரம் பேர் கல்யாணம். சமையல் சாமான் முழுசும், சாமியானா, ஜெனரேட்டர் எல்லாம். அந்த முற்றத்தில் நின்றபடியே பேசி முடிந்துவிட்டது.

நான் அண்டாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சாவுக்கு வந்த பாத்திரம் சாவோடு திரும்பினால் அந்த வீட்டுக்கு ஆகாது. அடுத்த நல்ல காரியத்துக்கு அதே பாத்திரம் வாசல் ஏறினால்தான் தீட்டு கழிந்தது என்று அர்த்தம். அப்படியென்றால் என் காகிதத்தில் தர்மம் என்று வெளியே தூக்கிப் போட்டேனே, அது என்ன?

வண்டி கிளம்பியதும் கேள்விகளை ஆரம்பித்தேன். போன வருஷத்துக் கல்யாண ஆர்டர்கள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். வண்ணாமடைக் கல்யாணம்? அவர்கள் பாட்டி போனபோது விடிய விடிய மழை, சாமியானா கிழிந்து போனது என்றாள் அம்மா. கோபாலபுரத்துப் புண்ணியார்ச்சனை? அந்த வீட்டுப் பெரியவர் தவறியது அதற்குக் கொஞ்ச மாசம் முன்னால்தான். நல்லேப்பிள்ளி காதுகுத்து? அது யாரோ புதுசு. கொழிஞ்சாம்பாறை சீர்? அந்தப் பிள்ளையின் அப்பன் சின்ன வயசு, பாவம், நெஞ்சுவலி. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பின்னால் அம்மா ஒரு சாவைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பத்தில் ஏழு எட்டு அப்படி. டீசலை நிறுத்தினால் ஒன்றரை லட்சம் மிச்சமாகாது. கல்யாணங்களே போய்விடும். விதைநெல்லை வீண்செலவு என்று கணக்கெழுதி, மூட்டையை எடுத்து லாபத்தில் சேர்த்திருக்கிறேன்.

"அம்மா, வெல தப்பு. ஒன்றரையச் சேத்தக் கூடாது. அது வாடிக்கை புடிக்கிற செலவு. விளம்பரம் மாதிரி. தோப்பு விக்கவேண்டியதில்ல."

வண்டி ஓட்டுகிற அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தோப்பு மிஞ்சும் என்ற சேதியை அவள் காதிலேயே வாங்கவில்லை.

"எழவூட்டுக்குப் போறது ஏவாரம் புடிக்கவா? அந்தம்மா தோளப் புடிச்சுட்டு உக்காந்திருந்தனே, அது வெளம்பரமா?"

"நீ அதுக்குப் போகலம்மா. ஆனா கணக்குல அது..."

"கணக்குல அப்படி ஒரு வரி நீ எழுதுனீன்னா, அடுத்த எழவூட்டுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போவேன்? தோப்பு போனாப் போகுது. எழுதாதே. உன்ற மாமன்கிட்டயும் அப்படிச் சொல்லாதே."

வீடு வந்ததும் அவளே இறங்கி அண்டாக்களை ஷெட்டுக்குள் அடுக்கப் போனாள்.

இது நான் எதிர்பார்க்காத இடம். விடை கையில் இருக்கிறது, எழுதக் கூடாது, சொல்லவும் கூடாது. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ். ஷெட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நடையில் பயத்தைவிட உற்சாகம்தான் அதிகம். அம்மா சொன்னதையும் யோசித்தேன். அவள் சொன்னதுதான் சரி. அவள் அதை வியாபாரமாக நினைத்துப் போக ஆரம்பித்த அன்றே அது வியாபாரத்துக்கு உதவாமல் போய்விடும். எந்தக் கம்பெனியின் அறிக்கையிலும் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. யோசித்தால் எழுதவேண்டிய அவசியமே இல்லை. நான் எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தால் போதும். டீசல் என்று ஒரு வரி இருந்தது. டீசல் என்றே இருக்கட்டும். லாபம் நாலரை. ஐந்து வருஷத்துக்கு இருபத்திரண்டரை. பாதிக்குப் பதினொன்றேகால்.

மறுநாள் மதியம் மாமாவைக் கூப்பிட்டேன். விலையை மாற்றவேண்டும் என்று சொல்லிப் புது விலையையும் சொன்னதும், அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டினார்.

"மூணேமுக்கால் லட்சம். ஒரே வாரத்துல என்ற பங்குல மூணேமுக்கால் லட்சம் எங்க போச்சு? உன்ற அம்மாகிட்ட இருக்கறது பன்னண்டு. உன்ற வெல பதினொண்ணேகால். நல்லாத் தெச்ச சட்ட மாதிரிப் பொருந்துது அம்மிணி."

அவர் கேட்டது நியாயம். யார் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். அம்மா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க விதிதானுங்க மாமா. அதே வெலைக்கு நீங்க எடுத்துக்கலாம். அம்மா பாதிக்குப் பதினொண்ணேகால். அம்மா அவிய பங்க உட்டுத் தருவாங்க."

"எடுக்கறேன்" என்றார், கோபத்தில். "எடுத்து, எழவூட்டு வண்டிய நிறுத்துனா வருசம் ஆறு லட்சம். நீ சொன்ன கணக்குத்தான்."

"நிறுத்துங்க. ஆனா எனக்கு ஒண்ணு தெரியோணும். அத்தையோட தங்கச்சி கல்யாணத்துக்கு அவிய ஊட்டுப் பக்கத்துலயே வாடகைக் கட இருக்குது. எதுக்கு இவ்வளவு தூரம் நம்ம கடைல எடுத்தீங்க?"

"அதெப்படி வேற எடத்துல எடுக்கறது? என்ற மாமனார் எறந்தப்ப நம்ம போசிதான வந்துச்சு. அதே போசி வரலீன்னா மாமியா அடுப்பப் பத்தவெக்க உட்டிருக்குமா?"

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அம்மா போட்ட தடையை நான் மீறவில்லை. மாமா திரும்பி ஷெட்டைப் பார்த்தார், அண்டாக்களைப் பார்த்தார். அவர் மனசுக்குள் கல்யாணங்கள் வரிசையாக ஓடுவது எனக்குத் தெரிந்தது. முந்தின நாள் வண்டியில் என் மனசுக்குள் ஓடிய அதே வரிசை.

"அப்ப நான் எடுத்தா..." என்று மெதுவாகக் கேட்டார், "எழவூட்டுக்கு நான் போகோணுமா?"

"வண்டிய மட்டும் அனுப்பலாமுங்க. ஆனா இத்தன வருசமா வண்டியோட ஆள் போயிருக்குது."

எங்கள் வீட்டில் இது பழைய கேலி. பிணத்தைப் பார்த்தால் மாமாவுக்கு அன்றே காய்ச்சல் வந்துவிடும். சொந்த மாமனார் சாவுக்கே தென்னை மரத்துக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் காட்டினவர். அப்பா மாட்டுக் கொட்டகையிலிருந்து, வருஷம் பூரா மாத்திரை வாங்குகிற செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் குரல் கொடுத்தார். அத்தனை நாளில் அவர் விலைப் பேச்சில் சொன்ன ஒரே வார்த்தை அது.

மாமாவுக்கு ஒரு வழி இன்னும் மிச்சமிருந்தது. மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். பதினாறில் பாதி எட்டு என்றேன். பதினொன்றேகாலை விட்டுவிட்டு எட்டு வாங்க அவர் ஒன்றும் கணக்குத் தெரியாதவர் இல்லை. அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, எழவூட்டு வண்டிக்கு வாடக வாங்கியிருந்தா நமக்கு எவ்வளவு வந்திருக்கும்னு நான் பல தடவ நெனச்சிருக்கறேன்."

"நெனச்சது தெரியும். ஒரு நாளும் நீ கேக்கலியே" என்றாள் அம்மா. "கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேன். பாதி உன்ற காசாச்சே."

மாமா மூக்கைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் வியாபாரி ஆகிவிட்டார். ஜெனரேட்டர் மில்லுக்கு வேண்டும், அதை விலைக்கு மேல் தனக்கு விடவேண்டும் என்றார். ஆவணியில் ஆயிரம் பேர் கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்று அம்மா மறுத்தாள். ஆவணி முடிந்ததும் எடுத்துக்கொள்வதாக அவர் இறங்கினார். அப்படியானால் அதன் விலையைக் கழிக்கவேண்டும் என்று நான் குறுக்கே போனேன். இரண்டு பேரும் ஒரே குரலில் என்னைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். அக்காவும் தம்பியும் சேர்ந்துகொண்டால் நடுவில் நிற்கிறவர் கதி என்ன என்று அப்பாவுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. கடைசியில் பதினொரு லட்சம் இப்போதே, கால் லட்சத்துக்குப் பதிலாக ஆவணி கழித்து ஜெனரேட்டர் என்று முடிந்தது. என் விலையை அவர்கள் சில்லறை தட்டிவிட்டார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கடுப்புதான்.

தோப்பை வாங்க வந்தவருக்கு அப்பாவே போன் செய்து வரவேண்டாம் என்று சொன்னார்.

அடுத்த வாரம் சித்தூரில் ஆதாரம், அதாவது பத்திரம், எழுதுகிற ஆபீஸில் கூட்டு பிரித்தோம். நான் தயாரித்த காகிதத்தை இணைப்பாக வைத்திருந்தோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அம்மா அதை வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். சம்பளம், கூலி, டீசல், வட்டி. டீசல் வரியில் விரல் கொஞ்சம் நின்று, பிறகு நகர்ந்தது. கையெழுத்துப் போட்டாள். என் முதல் மதிப்பீடு. ஓடிப்போய் யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது, ஆனால் அந்த ஆபீஸில் எல்லாரும் அவரவர் ஆதாரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மாமாவும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"இனி நான் பங்காளி இல்ல, வாடிக்கைக்காரன். ஏனக்கா, எங்க ஊட்டுல நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிப் போச்சுன்னா வண்டி வருமா?"

"வாய்ல நல்ல வார்த்த வரட்டும்" என்றாள் அம்மா. "உன்ற பையன் கல்யாணத்துக்கு மொதல்ல போன் பண்ணு. அதுக்கு வாடக உண்டு. ஒரு ரூவா கொறைக்க மாட்டேன்."